மண்டி ஹவுஸ்

காலையில் இந்தி ஆராதனை, பதினோரு மணிக்கு ஆங்கிலம்.
எல்லாரும் போன பிறகு
சூடேறிக் கிடக்கும் கோயிலுக்குள்
மூன்றரைக்கு நாங்கள்.
கரோல் பாக்கில் இரவல் கோயில், இரவல் மணி.
தமிழ் மட்டும் சொந்தம்.

பின்சுவரோரம் ஒரு கண்ணாடி அறை.
பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கென்று
கமிட்டி கட்டிக்கொடுத்தது.
உள்ளே ஓர் ஏசி,
கால் உடைந்த பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கி,
போன கிறிஸ்துமஸிலிருந்து பேசாத ஸ்பீக்கர்.

ஹெப்சி ஆல்ட்டோ பாடுகிறவள்.
ஆகவே பிள்ளை என் மடியில், நான் கண்ணாடிக்குள்.
மூன்று வருடமாக என் மனைவி
வாயைத் திறந்து மூடுவதைப் பார்க்கிறேன்.
மீன்தொட்டிக்குள் இருப்பது அவளா நானா என்று
சில ஞாயிறுகளில் சந்தேகம் வரும்.

ஆசேருக்கு நாலு முடியப்போகிறது.
ஐயர் கையை உயர்த்தினால் இவனும் உயர்த்துவான்.
சபை எழுந்தால் எழுவான்.
ஐயரின் உதடுகளோடு தன் உதடுகளையும்
சத்தமில்லாமல் அசைப்பான்.
ஆராதனை என்றால் இப்படித்தான்,
ஊமையாய் நடப்பது என்று நினைத்திருந்தான்.

படுக்கும் முன் ஜெபம் சொல்லிக்கொடுக்கிறோம்.
பரமண்டலம் அவன் வாயில் நுழையாது.
மண்டி ஹவுஸ் என்பான்.
பிதா மண்டி ஹவுஸில் இருக்கிறார்.
ஹெப்சி தலையணைக்குள் முகம் புதைத்துச் சிரிப்பாள்.
திருத்துங்கள் என்பாள்.
நாளைக்கு என்பேன்.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவது யார் பொறுப்பென்று
வெளியே இருவர் தாழ்ந்த குரலில் சண்டை.
கண்ணாடி அறை ஐந்தே நிமிடத்தில் அடுப்பு.
ஒரு கைக்குழந்தை வீறிட, அதைப் பார்த்து இன்னொன்று அழ,
ஜாய்லின் அக்காள்தான் முதலில் கதவைத் தள்ளினாள்.
பின்னாலேயே நாங்களும்.
வியர்த்த ஏழு பேர், ஒட்டகச்சிவிங்கியோடு.

மைக் இல்லை. கீபோர்டு இல்லை.
பாடகர்கள் வெறும் தொண்டையில்
கீர்த்தனையின் நடுச்சரணத்தில் இருந்தார்கள்.
மற்ற குரல்களுக்கு அடியில் ஒரு குரல்,
சோறூட்டும் குரல்,
ஷூவை எங்கே கழற்றிப் போட்டாய் என்று கேட்கும் அதே குரல்.
என் தோளில் ஆசேர் விறைத்தான்.
“அம்மாவுக்குச் சத்தம் வருது!”
கோயில் முழுக்கக் கேட்டது.

முன்வரிசைகள் திரும்பின.
ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஞானமுத்து
மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
ஹெப்சி ஒரு வரியைத் தவறவிட்டாள்.
அடுத்த வரியை அவள் எடுத்தபோது
கூடவே இன்னொன்று,
சுருதியும் இல்லை, சொல்லும் இல்லை,
ஆ ஆ என்று என் காதோரம்.
அவன் வாயைப் பொத்தவேண்டும் என்று தோன்றியது.
கை அவன் முதுகிலேயே இருந்துவிட்டது.

கரண்ட் வந்தது.
செக்ரெட்டரி கண்ணாலேயே அறையைக் காட்டினார்.
நான் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினேன்.
மூன்று வருடத்தில்
காதில் விழக் கிடைத்த முதல் பிரசங்கம்.
இரண்டாம் குறிப்பில் அவன் தூங்கினான்.
மூன்றாவதில் நானும்.

காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்தபோது
விழித்திருந்தவன்
ஒட்டகச்சிவிங்கியை நீட்டினான்.
கோயில்குட்டி பையை அகல விரித்தார்.
கோயிலுடையதுதான் அது.
கோயிலுக்கே போனது.

திரும்புகையில் ப்ளூ லைனில் உட்கார இடமில்லை.
பாராகம்பா தாண்டியதும் அறிவிப்பு:
அடுத்த நிலையம் மண்டி ஹவுஸ்.
ஆசேர் இரு கையும் கூப்பினான்.
ஹெப்சி என்னைப் பார்த்தாள்.
நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது.
டிபன் கேரியரோடு ஒரு காவலாளி,
கைத்தடியோடு ஒரு சர்தார்ஜி,
முகத்தில் பூசிய வண்ணம் பாதி கழுவாமல்
நாடக மாணவர்கள் சிலர்,
தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட ஒருத்தி.
ஏறினவர்கள் பதினொரு பேர்.
யமுனா பேங்க் வரைக்கும்
ஒவ்வொரு முகமாக அவன் பார்த்துக்கொண்டு வந்தான்.